தேறிப் போனவருக்கு மாத்திரை இல்லை

என் அத்தானின் இதயம் தேறிவிட்டது என்ற துக்கச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்களுக்குக் கிடைத்தது. அக்கா அழுதாள். அத்தான் மருந்து கவுன்ட்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தப்பா கிப்பா அளந்திருப்பாங்களோ?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒருவர் மாற்றி ஒருவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்கே மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். கலங்கிய இடம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அத்தானின் செருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தான் படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். பட்டம் வாங்கிய படம், ஜோடியாக நிற்கிற படம், போய்ச் சேர்ந்தவர் படம் எல்லாமே அவர் கடையில் ஒரே மேஜையில்தான் கண்ணாடிக்குள் போகும். தெருவில் அவருக்குப் பெயரே பிரேம்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் சாய்ந்து தொங்கினால் அவருக்குப் பேச்சு ஓடாது. எழுந்து போய் அதை நிமிர்த்திவிட்டு வந்தால்தான் கொடுத்த டீ உள்ளே இறங்கும். அப்பேர்ப்பட்ட சாது ஒருநாள் செருப்புக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். போன மாதம் வாங்கிய செருப்பு சிறுத்துவிட்டதாம். அந்த ஆள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்பு அப்படியேதான் இருக்கிறது, உங்கள் காலைப் பாருங்கள் என்றார். கால் வீங்கி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. பெரிய கண்ணாடித் தகட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி வருகிற மனிதர் கடைக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. கடைசியில் படுப்பதையே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி விடிய வைத்தார். அக்காவும் துணைக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள்.

நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையில் பார்த்துச் சொல்கிற எக்கோ டாக்டர் ஒரு பெண். நிதானமானவர். இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும், இவருடையது நூற்றுக்கு இருபத்தெட்டுதான் தள்ளுகிறது என்றார்.

"மீதி எங்க போகுது?" என்று அக்கா கேட்டாள். சம்பளக் கவரைப் பிரிக்கும்போது என் பெண்டாட்டி கேட்கிற அதே குரல்.

"எங்கயும் போகலம்மா. உள்ளயே நிக்குது. பின்னால வர்றதெல்லாம் தேங்கிடுது. அதான் கால் வீக்கம், மூச்சு முட்டல் எல்லாம்."

நூற்றுக்கு நூறும் தள்ளுகிற இதயம் உலகத்தில் யாருக்குமே கிடையாது, அறுபது வந்தாலே முதல் வகுப்பு என்றும் சொன்னார். அத்தானுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அவர் இருபத்தெட்டைத் தாண்டியதே இல்லை.

நாலு வகை மாத்திரை, நீர் பிரிவதற்கு இன்னொன்று. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று எடை ஏறினால் அது சாப்பிட்டு வந்த சதை இல்லை, தேங்கிய நீர், உடனே ஓடி வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அக்கா பார்த்துக்கொண்டாள். எடை மட்டும் என் பங்குக்கு வந்தது. நான் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு நிறுக்கிற தராசு இருக்கிறது. தினமும் காலையில் அத்தான் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி நிற்பார், சுமை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்து முள் எங்கே நிற்கிறது என்று கத்துவார்கள். யாருக்கு அனுப்ப வேண்டிய சரக்கு என்று ஒருவர் கேட்பார், அக்காவுக்குத்தான் என்று நான் சொல்வேன். அத்தான் சிரிக்க ஆரம்பித்தால் முள் ஆடும், அவர் சிரித்து முடிக்கிற வரை எல்லோரும் காத்திருப்போம்.

மாத்திரை கொடுக்கிற இடம் தளர்ந்த இதயங்கள் நல நிலையம். இதயம் நாற்பதுக்குக் கீழே தள்ளுகிறவர்களுக்கு அங்கே எல்லாமே இலவசம். கண்ணாடிக் கதவு, பளபளக்கிற தரை, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடியில். இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் என்று எழுதிய லிஃப்ட் ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, பலவீனம் என்பதற்குச் சான்று கேட்டார்.

"சான்று எங்க குடுப்பாங்க?" என்றேன்.

"மூணாவது மாடியில."

அத்தானை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார வைத்து, மேலே கொண்டு போய்ச் சேர்த்தேன். அங்கே ஒருவர் மூச்சு இரைக்கிற அத்தானைப் பார்த்த மாத்திரத்தில் சான்றில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். படிக்கட்டிலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது, இதனால் டாக்டர்களின் நேரம் எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னார். திரும்பும்போது ராஜ மரியாதையோடு லிஃப்ட்டில் இறங்கினோம்.

அடுத்த தடவையிலிருந்து எங்களுக்கு அங்கே நடக்கிற சடங்குகள் பழகிவிட்டன. காலையில் மருந்து கவுன்ட்டர் திறப்பதற்கு முன் உறுதிமொழி. வீங்கிய கால்களோடு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். உப்பைக் குறைப்பேன், நீரை அளப்பேன், எடையை அறிவேன், நிலையத்துக்கு நன்றி மறவேன் என்று ஒலிபெருக்கி சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். கடைசி வரியை உரக்கச் சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அதன்பின் இயக்குநர் வந்து பேசுவார். நீரைக் குறைப்பதன் அவசியத்தைப் பற்றி அவர் பேசும்போது பக்கத்தில் ஒரு ஜாடி நிறையத் தண்ணீர் இருக்கும். பேச்சு முடிவதற்குள் ஜாடி காலி. தொண்டை வறண்டு நிற்கிறவர்கள் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடத்தில் இருந்த தண்ணீர்க் குழாயை அவரே பூட்டு போட்டுப் பூட்டியிருந்தார், நோயாளிகளின் மன உறுதிக்காக.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மாத்திரைகள் வேலை செய்தன. எக்கோ டாக்டர் ஒவ்வொரு மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அத்தான் ஒரு வேளை தவறவில்லை. அக்கா உப்பு டப்பாவை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். கால் வடிந்தது, பழைய செருப்பு பழைய காலுக்குத் திரும்பி வந்தது. தலையணைகள் மூன்றிலிருந்து ஒன்றாக இறங்கின. ஒருநாள் கடைக்குப் போனால் அத்தான் தனியாகக் கண்ணாடித் தகட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வருகிறார். நாற்காலிகள் இரண்டும் சாப்பாட்டு மேஜைக்கே போய்விட்டன. அந்தச் சந்தோஷத்தோடுதான் நாங்கள் மறு பரிசோதனைக்குப் போனோம். எக்கோ டாக்டர் திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பாக, "நாப்பத்தாறு" என்றார்.

அந்தச் சிரிப்போடு கவுன்ட்டருக்கு வந்தோம். கவுன்ட்டர் அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார், முத்திரையை மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்து குத்தினார். 'தேறினார்' என்று பச்சையில் விழுந்தது.

"வாழ்த்துகள். அடுத்தவங்க வாங்க."

"மாத்திரை?"

"நாப்பதுக்கு மேல மாத்திரை கிடையாதுங்க. நீங்கதான் தேறிட்டீங்களே. வீட்டுல மிச்சம் மீதி இருந்தா கொண்டு வந்து ஒப்படைச்சிடுங்க."

அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். நிலையத்தில் அவருக்குப் பெயர் முப்பத்தெட்டு. ஆறு வருடமாக அவர் இதயம் முப்பத்தெட்டிலேயே நிற்கிறது, ஒரு இழை மேலே போனதில்லை. அது தானாக நிற்கவில்லை, நிறுத்திவைத்திருக்கிறேன் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே மாத்திரையைத் தள்ளிவைத்துவிடுவாராம். உப்பு போட்ட சிப்ஸ் ஒரு பாக்கெட். அன்று காலையில் மூன்று மாடியையும் விறுவிறுவென்று ஏறுவது. அங்கே இருந்த பழைய ஆட்கள் எல்லோருமே அவருடைய மாணவர்கள்தான். பரிசோதனை அறையிலிருந்து வெளியே வருகிறவரிடம் எத்தனை என்று கேட்பார்கள். முப்பத்து மூன்று என்றால் பாஸ், கை குலுக்குவார்கள். சில மாதங்களுக்கு முன் நாற்பத்தொன்று வாங்கிய ஒரு பெண்மணியை வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததாம். அங்கே பெயில் ஆகத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன்.

"நீங்க நல்லா படிச்சிட்டீங்க. அதான் தப்பு" என்றார் முப்பத்தெட்டு.

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் அது மோசமான யோசனையாகத் தெரியவில்லை. அக்காதான் எழுந்துகொண்டாள். "நாற்காலியில உக்காந்து நான் காவல் காத்த இதயம் இது. இவங்க போடற மார்க்குக்காக இதை நானே கெடுக்கணுமா?" என்றாள். முப்பத்தெட்டு தலையைக் குனிந்துகொண்டார். அக்காவைப் போல அவர் வீட்டில் கேட்க யாருமில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளிக்கடையில் விலை கேட்டோம். கேட்ட மாத்திரத்தில் அத்தானுக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. எக்கோ டாக்டரிடம் ஓடினோம். அவர் தன் மேஜை டிராயரை இழுத்து, அதிலிருந்த சாம்பிள் அட்டைகளையெல்லாம் அள்ளி அக்காவின் பையில் போட்டார். அது எத்தனை நாளைக்கு வரும்? பிறகு அவரே எங்களை இயக்குநர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இயக்குநர் நல்ல மனிதர். எல்லோரையும் உட்காரச் சொன்னார். தட்டில் உப்பு முந்திரி இருந்தது, அத்தானை மனத்தில் வைத்து அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவர் தலைக்கு மேல் நிலையத்தைத் தொடங்கியவரின் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அத்தானின் கண் அதிலேயே நின்றது.

"இது நோயாளிகளுக்கான நிலையம்மா. இவர் நோயாளி இல்ல. நல்லா இருக்கறவருக்கு மருந்து குடுத்தா அது நோயாளிகளுக்குப் பண்ற துரோகம் இல்லையா?" என்றார் இயக்குநர்.

எக்கோ டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சார், மாத்திரை சாப்பிடறதாலதான் நாப்பத்தாறு. நோய் போயிடல, அடங்கியிருக்கு. நிறுத்தினா மறுபடி இறங்கிடும்."

"இறங்கட்டுமே. இறங்கின அன்னைக்கே வரட்டும். எங்க கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்."

"அப்படி இறங்கினது திரும்ப ஏறாமலே போயிட்டா?" என்றாள் அக்கா.

"அப்ப கவலையே வேண்டாம்மா. ஆயுசுக்கும் மாத்திரை உண்டு."

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே கல்லும் இருந்தது, நாயும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது.

அத்தான் எழுந்து போய்ப் படத்தை நிமிர்த்தினார். இயக்குநர் பதறிவிட்டார். சுவரில் இருப்பதெல்லாம் வேறு பிரிவைச் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் தொடக் கூடாதாம். மணி அடித்து உதவியாளரைக் கூப்பிட்டார். உதவியாளர் வந்து, தள்ளி நின்று கண்ணால் அளந்து பார்த்து, படத்தைப் பழையபடி சாய்த்துவிட்டுப் போனார்.

சாம்பிள் அட்டைகள் தீர்ந்தன. கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. அத்தான்கூட, "ஒருவேளை நெஜமாவே தேறிட்டேனோ மாப்ளே?" என்று என்னிடம் கேட்டார். பிறகு ஒரு காலையில் தராசில் ஏறி நின்றார், முள் நகர்ந்தது. மறுநாள் இன்னும் நகர்ந்தது. முதல் நாள் யாரோ, "அண்ணே, சரக்கு ஏறுது" என்று வழக்கம் போலச் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை. அவரை இறக்கிவிட இரண்டு பேர் கை கொடுத்தார்கள். சாப்பாட்டு மேஜைக்குப் போன நாற்காலிகள் படுக்கையறைக்குத் திரும்பி வந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நிலையத்தில் யாரைக் கேட்டாலும் முகம் மலர்ந்து வாழ்த்துதான் சொன்னார்கள்.

நாற்பதுக்குக் கீழே போய்விட்டதா என்று அளந்து பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தேறியவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் மறு பரிசோதனை. அதுவரை அவர்கள் தேறியவர்களாகவே இருக்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்த நேரத்தில்தான் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவாம். 'வென்ற இதயங்கள்' என்று தலைப்பு. அந்த வருடம் நாற்பதைத் தாண்டித் தேறியவர்களை மேடையில் ஏற்றிப் பாராட்டுவார்கள். தாண்டியவர்கள் இரண்டே பேர். நாற்பத்தொன்று வாங்கிய அந்தப் பெண்மணி முப்பத்தெட்டிடம் பாடம் கேட்டு, ஆறு மாதக் கெடு முடிந்த கையோடு கீழே இறங்கி மாத்திரைக்குத் திரும்பிவிட்டதால், மிச்சம் அத்தான் ஒருவர்தான். யாருமே ஏன் நாற்பதைத் தாண்டுவதில்லை என்று ஆராய நிலையம் ஏற்கெனவே ஒரு குழு போட்டிருந்தது. நோயாளிகளுக்கு ஊக்கம் போதவில்லை என்று குழு கண்டுபிடித்து, 'நாற்பதைத் தாண்டுவோம், நலமாய் வாழ்வோம்' என்று மாடிக்கு மாடி எழுதி ஒட்ட ஏற்பாடு செய்திருந்தது.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை. அத்தான் மேடைப் படியில் இரண்டு ஏறினார், மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார். முகம் உப்பி, மூச்சு இரைத்து, பேச்சு வரவில்லை. இயக்குநரின் முகத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்காக வருகிற கவலையைப் பார்த்தேன்.

"இவர் என்ன இப்படி இருக்கார்? தலைமை அலுவலகத்துலேர்ந்து பெரியவர் வர்றாரு. இவர் தேறின மாதிரியே இல்லையே."

"மாத்திரை இல்ல சார்" என்றார் எக்கோ டாக்டர்.

"அப்ப குடுங்க."

"குடுக்க முடியாது சார். அவர்தான் தேறிட்டாரே" என்றார் கணக்கு அதிகாரி. அவர் ஒல்லியான, விதிகளை மட்டுமே உண்டு வாழ்கிறவர் போன்ற தோற்றமுடைய மனிதர். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் மேடையைப் பார்த்தார், விரிக்கப் போகும் கம்பளத்தைப் பார்த்தார், வாசலிலிருந்து தூக்கி வந்து அடுக்கியிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு, நோயாளி என்ற வகையில் இவருக்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் விழா முடியும்வரை மேடையில் வைக்க வேண்டிய பொருட்களை வாடாமல் பார்த்துக்கொள்ள நிலையத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்றார்.

இப்படியாக என் அத்தான் மேடை அலங்காரப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பொறுப்பாளர் நிலையத்துத் தோட்டக்காரர். நாங்கள் அவரிடம் போனபோது அவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, உரப் பை இருந்த அறைக்குள் போய், மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்தார். தனக்கு இதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை என்பது போன்ற முகம்.

"செடிங்களுக்கு நிறைய தண்ணி ஊத்தணும். இவருக்குக் கம்மியா. அவ்வளவுதானே?" என்றார்.

அந்த ஒரு மாதமும் அத்தானுக்கு நிலையத்தில் கிடைத்த மரியாதை, நோயாளியாக இருந்தபோது கிடைத்ததில்லை. அலங்காரப் பொருட்களைப் படியில் ஏற்றினால் கீறல் விழும் என்பதால் லிஃப்ட்டில்தான் கொண்டு போக வேண்டும். சான்றே கேட்காமல் காவலாளி எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். எக்கோ டாக்டர் வாரத்துக்கு இரண்டு தடவை தோட்டத்துக்கே இறங்கி வந்து பார்த்தார். நீர் பிரிந்தது, முள் இறங்கியது, தராசைச் சுற்றி மறுபடி சத்தம் கேட்டது. உறுதிமொழிக்கு அவர் நிற்க வேண்டியதில்லை, குரோட்டன்ஸ் எழுந்து நிற்பதில்லை அல்லவா? சுவர் இருக்கிற பிரிவும் அலங்காரப் பிரிவும் ஒன்றுதான் என்று தோட்டக்காரர் சொன்னதால், அத்தான் முதல் வேலையாக இயக்குநர் அறைக்குப் போய் அந்தப் படத்தை நிமிர்த்திவிட்டு வந்தார். இந்த முறை யாரும் மறுபடி சாய்க்கவில்லை.

ஆனால் அக்கா மட்டும் ஒட்டாமலே இருந்தாள். விழா முடிந்த மறுநாள் தொட்டிகள் வாசலுக்குப் போய்விடும், கம்பளத்தைச் சுருட்டிவிடுவார்கள். இவரை எங்கே சுருட்டி வைப்பார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டாளாம். அவர் அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டாராம்.

விழா நாள் வந்தது. அத்தானைப் பெரிய பூச்சாடிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் நிறுத்தினார்கள். புதுச் சட்டை, பழைய செருப்பு. கூடம் நிறைய நோயாளிகள், முதல் வரிசையில் முப்பத்தெட்டு. தலைமை அலுவலகத்துப் பெரியவர் மேடை நடுவில், முந்திரித் தட்டுக்குப் பின்னால் அமர்ந்தார். இயக்குநர் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"இந்த நிலையம் தொடங்கியபோது நம்மிடம் நோயாளிகள் மட்டுமே இருந்தார்கள். கட்டடம் இல்லை. இன்று கட்டடம் இருக்கிறது. நோயாளிகளைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை, அவர்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள். இதோ நிற்கிறாரே, இவருக்கு நாம் கடைசியாகக் கொடுத்தது ஒரு வாழ்த்து. அதற்குப் பிறகு நோயாளி என்ற முறையில் ஒரு மாத்திரைகூட இவருக்கு நாம் கொடுத்ததில்லை. பாருங்கள், எப்படி நிற்கிறார். மருந்தில்லாமல் மனிதன் வாழ முடியும் என்பதற்கு இந்த மருத்துவ நிலையமே சாட்சி."

கை தட்டினார்கள். மேடை ஓரத்தில் தோட்டக்காரர் தொட்டியில் காய்ந்த ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அத்தானின் மதிய மாத்திரை அவர் சட்டைப் பையில் இருந்தது.

பெரியவருக்கு நெகிழ்ந்துவிட்டது. மனைவி வந்திருக்கிறாரா, இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. இயக்குநர் சிரித்தபடியே வியர்த்தார். அக்கா மேடை ஏறினாள். சண்டை போடப் போகிறாள் என்று நான் பயந்தேன். உண்மையைச் சொன்னால், போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"இவர் நல்லா இருக்காருங்க. ஆனா வருஷா வருஷம் புதுசா ஒருத்தரைத் தேத்தி மேடை ஏத்தறது உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம். இவரையே வெச்சுக்கங்க. இந்த ஒரு மாசம் செடிங்களோட சேர்த்து எப்படிப் பார்த்துக்கிட்டீங்களோ, அதே மாதிரி வருஷம் பூரா பார்த்துக்கிட்டீங்கன்னா போதும். நீங்க எப்ப கூப்பிட்டாலும் வந்து இப்படியே நிப்பாரு."

பெரியவர் முந்திரியை மெல்வதை நிறுத்தினார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"இதுதான்யா சிக்கனம். நம்ம ஆபீசுல இத்தனை பேர் படிச்சவங்க இருக்கீங்க, ஒருத்தனுக்காவது தோணிச்சா? ஒவ்வொரு வருஷமும் ஒரு ஆளைப் புதுசா குணப்படுத்த வேண்டிய அவசியம் என்ன? நல்லா இருக்கற ஒரு ஆளை நல்லபடியா வெச்சிருந்தா போதாதா? நிரந்தரமாக்கிடுங்க."

நல்லா இருக்கிறவரை நல்லபடியாக வைத்திருப்பது என்கிற அந்தப் பெரிய மருத்துவ உண்மையை எக்கோ டாக்டர் பல மாதங்களாகச் சொல்லி வந்தார். அது செடித் தொட்டி வழியாகப் போனபோதுதான் உள்ளே நுழைந்தது. எக்கோ டாக்டர் எல்லோரையும்விட பலமாகக் கை தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

கூட்டம் கலைந்தபோது முப்பத்தெட்டு தோட்டக்காரரைத் தனியாக ஓரங்கட்டி, இரண்டாவது மாடி முகப்பு வெறிச்சென்று இருக்கிறதே, அங்கே ஒரு தேறியவரை வைத்தால் எடுப்பாக இருக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் யோசித்துப் பார்த்து, இருக்கும் என்றார். அன்றிலிருந்து முப்பத்தெட்டு மாத்திரையைத் தவறவிடுவதில்லை, சிப்ஸ் பக்கம் போவதில்லை. இப்போது நாற்பத்து நாலு. பெயரைத்தான் மாற்ற முடியவில்லை, பழகிவிட்டது. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நிலையத்தில் மாடிக்கு மாடி முகப்புகள் நிறையவே இருக்கின்றன. இதெல்லாம் சுவரில் ஒட்டிய வாசகத்தின் வெற்றி என்று குழு எழுதிக் கொடுத்திருக்கிறது.

போன வாரம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது நிலையத்திலிருந்து ஓர் இளநிலை அலுவலர் வந்தார். வருடத்துக்கு ஒரு முறை நிலையத்தின் சாமான்களை இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமாம். நாற்காலிகள், மின்விசிறிகள், தொட்டிகள் எல்லாம் முடித்துவிட்டார். அத்தான் ஒருவர்தான் பாக்கி. முதுகில் எண் எழுதப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் கையோடு கொண்டுவந்திருந்தார். அக்கா பார்த்த பார்வையில் அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மல்லாந்து, ஒரே ஒரு தலையணையில். வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்த அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"பொருள் எந்த நிலையில இருக்குன்னு எழுதணும்மா. நல்ல நிலை, பழுது, கழிக்க வேண்டியது. மூணுல எது?"

அக்கா சத்தம் போடாமல் உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அத்தானின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், அலுவலரும் காத்திருந்தார்.

"நல்ல நிலைன்னு போடுங்க" என்றாள். "மெதுவா எழுதுங்க. தூங்கறாரு."